மிஞ்சிய சோற்றை மாட்டுத் தொட்டியில் கொட்டும் முன்

தை பிறந்தால் எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு ஒரே மாதிரியான மாடுகள் வரத் தொடங்கும். மாட்டுப் பொங்கலன்று அண்டா நிறையப் பொங்கல் தின்ற பசு, மண்டபத்தில் மிஞ்சிய கல்யாணச் சோற்றைத் தின்ற எருமை, அரிசி மூட்டையில் வாய் வைத்த வெள்ளாடு. பாசமாக வைத்த சோறுதான் பெரும்பாலும் மாட்டைப் படுக்க வைத்திருக்கும்.

"சோறுதானே டாக்டர், மனுசங்க திங்கிறதுதானே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் மாட்டின் முதல் வயிற்றில் இருக்கிறது. மாடு தின்பதை அங்கே வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள்தான் முதலில் தின்கின்றன. வைக்கோலையும் தட்டையையும் நொதிக்க வைத்து அவை விடும் அமிலங்களை மாடு உறிஞ்சிக்கொள்கிறது. மாட்டுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதி அதிலிருந்தே கிடைக்கிறது. அந்த அமிலம் மிஞ்சிப் போகாமல் காப்பது உமிழ்நீர். மாடு நாளில் ஆறு, எட்டு மணி நேரம் அசை போடும். பெரிய மாட்டுக்கு 100 லிட்டருக்கு மேலும் உமிழ்நீர் ஊறும். அதில் சோடா உப்பு இயற்கையாகவே கலந்திருக்கிறது.

சோற்றை மெல்ல வேண்டியதில்லை, அசை போடவும் அதில் நார் இல்லை. அதனால் உமிழ்நீர் குறைகிறது. வெந்த மாவுச்சத்தோ மளமளவென்று நொதிக்கிறது. அப்புறம் உள்ளே நடப்பதை 1952-ல் அமெரிக்காவில் நான்கு ஆய்வாளர்கள் செம்மறியாடுகளில் படிப்படியாகப் பதிவு செய்தார்கள். நுண்ணுயிரியலாளர் ராபர்ட் ஹங்கேட், கால்நடை உடலியங்கியல் அறிஞர் ராபர்ட் டோஹர்ட்டி ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். எளிதில் நொதிக்கும் தீவனம் திடீரென்று குவிந்ததும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற பாக்டீரியா மற்றதையெல்லாம் முந்திப் பெருகியது; லாக்டிக் அமிலம் குவிந்தது; நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிந்தன. இன்றைக்கும் நாங்கள் சிகிச்சை செய்வது இந்த அறிவை வைத்துத்தான்.

இட்லி மாவு புளித்துப் பொங்குவது போலத்தான் இதுவும். முதல் வயிற்றின் கார அமில அளவு (pH; எண் குறைந்தால் அமிலம் கூடுகிறது என்று பொருள்) வழக்கமாக 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும். கடுமையாகப் பாதித்த மாட்டில் அது 5-க்கும் கீழே போய்விடும். வயிறு அசைவதை நிறுத்துகிறது. ரத்தத்திலிருந்து தண்ணீர் வயிற்றுக்குள் இறங்குகிறது. வெளியே பார்த்தால் வயிறு நிறைந்திருக்கும். உள்ளே மாடு வறண்டு போயிருக்கும், கண் குழி விழுந்திருக்கும். இடது விலாவைக் கையால் தட்டித் தள்ளினால் தண்ணீர்க் குடம் ஆடுவது போல் சளசளவென்று சத்தம் கேட்கும். சாணம் தண்ணீராக, புளித்த வாடையோடு போகும். பல மாடுகளுக்குக் காய்ச்சலே இருக்காது. காது சில்லென்று இருக்கும்.

கன்று ஈன்ற மாடு இப்படிப் படுத்தால் பால் காய்ச்சல், அதாவது ரத்தத்தில் கால்சியம் குறைந்துபோகும் நோய் என்று நினைத்து, "கால்சியம் பாட்டில் போடுங்க" என்றுதான் கேட்பார்கள். அதனால் நான் ஊசியை எடுக்கும் முன் நேற்று மாடு என்ன தின்றது என்று கேட்பேன். சிகிச்சையின் பாதி அந்தப் பதிலில்தான் இருக்கிறது. சோடா உப்புக் கரைசல், டிரிப், நல்ல மாட்டின் வயிற்றிலிருந்து எடுத்த நீரை நோயுற்ற மாட்டுக்குக் கொடுப்பது, முற்றிய நிலையில் வயிற்றைத் திறந்து சோற்றை அள்ளி வெளியேற்றுவது என்று வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும். தின்ற எட்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் அறிகுறி தெரிந்துவிடும். மாடு படுத்த பிறகு காப்பாற்றுவது மிகக் கடினம்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சியும் மாவும் கொடுத்து வைக்கோலைக் குறைக்கிற வீடுகளில் இதே கோளாறு மெதுவாக வருகிறது. பால் கறக்கும், ஆனால் சொசைட்டியில் கொழுப்பு அளவு இறங்கும். சில மாதங்களில் மாடு நொண்டத் தொடங்கும். குளம்பு வலிக்குக் காரணம் வயிறு என்றால் பலர் நம்ப மறுக்கிறார்கள். உண்மை அதுதான்.

பண்டிகையன்று பசுவுக்குக் கொடுக்க ஆசையாக இருந்தால் ஒரு கைப்பிடி பொங்கல் போதும். அப்புறம் ஒரு கட்டுப் பசுந்தீவனமும் வைக்கோலும் போடுங்கள். அடர்தீவனத்தை (தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்த தீவனம்) மாற்றுவதாக இருந்தால் பத்து நாட்களாவது எடுத்துக்கொண்டு சிறிது சிறிதாக மாற்றுங்கள். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களுக்குப் பழகிக்கொள்ள அவ்வளவு நாள் தேவை. மிஞ்சிய சோற்றைத் தெருவில் கொட்டினாலும் யாருடைய மாடோ தின்னத்தான் போகிறது, மண்ணில் குழி வெட்டிப் புதையுங்கள்.

மாடு நிறையச் சோறு தின்றுவிட்டது என்று தெரிந்தால், நன்றாக இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். தொட்டியைக் காலி செய்துவிட்டு, வைக்கோலை மட்டும் போட்டு, உடனே பக்கத்து மருத்துவரையோ 1962 என்ற கால்நடை அவசர எண்ணையோ கூப்பிடுங்கள். தலையைத் தூக்கி நாக்கை இழுத்துப் பிடித்து எண்ணெயோ கஷாயமோ ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். என்ன தின்றது, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து பலர் அதை மறைக்கிறார்கள். நாங்கள் திட்டுவதற்காகக் கேட்பதில்லை.