சைவம்தானே, என்ன ஆகிவிடும்?

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. இரவு எட்டரை மணி, கிளினிக்கை மூடப்போகும் நேரம். ஒரு குடும்பமே உள்ளே வந்தது. 70 வயதைத் தாண்டிய பாட்டி, அவருடைய மகன், மருமகள், ஏழு வயதுப் பேரன். நான்கு பேருக்கும் வாந்தி. மற்ற மூவரும் நடந்து வந்தார்கள். பாட்டியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நாக்கு வறண்டிருந்தது, ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. மதியத்துக்குப் பிறகு சிறுநீரே போகவில்லை என்றார் மருமகள்.

என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"வெளிச் சாப்பாடு ஒன்றுமே இல்லை டாக்டர். வீட்டுச் சமையல்தான். அதுவும் முழுக்கச் சைவம்."

இந்தப் புரட்டாசியில் என்னிடம் இதே பதிலைச் சொன்ன நான்காவது குடும்பம் இது. அடுத்து தீபாவளி வருகிறது. வீட்டுக்கு வீடு விருந்து நடக்கும். அதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று அந்த வீட்டில் நடந்ததைக் கேட்டு வாங்கினேன். விடியற்காலையில் எழுந்து சமைத்திருக்கிறார்கள். ஏழு மணிக்கே சாதம் வடித்தாகிவிட்டது. கேரட், வெள்ளரி, ஊறிய பாசிப்பருப்பு, தேங்காய்த் துருவல் எல்லாம் சேர்த்து ஒரு பெரிய பாத்திரம் நிறைய கோசுமல்லி. பக்கத்தில் தயிர்ப் பச்சடி. எல்லாவற்றையும் தட்டுப் போட்டு மூடிச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலுக்குப் போய் வரிசையில் நின்றிருக்கிறார்கள். திரும்பி வந்து, படையல் போட்டு, இலை விரிக்கும்போது மணி ஒன்றரை. ஆறரை மணி நேரம். சன்னல் சாத்திய வீவக அடுக்குமாடி வீட்டில், 30 டிகிரி வெயில் நாளில்.

சாப்பிட்ட மூன்று மணி நேரத்துக்குள் முதல் வாந்தி. காய்ச்சல் யாருக்கும் இல்லை. மருத்துவர்களுக்கு இந்த வரிசை நன்றாகத் தெரியும். கிருமி வயிற்றுக்குள் போய்ப் பெருகி நோயைக் கொண்டுவர இன்னும் அதிக நேரம் பிடிக்கும். இவ்வளவு சீக்கிரம் வாந்தி வந்தால், நச்சு சாப்பாட்டிலேயே தயாராக இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

"சைவம் கெடாது" என்ற நம்பிக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் என்னிடம் வருகிற குடும்பங்களில் பாதிப் பேரை அழைத்து வருவது இதுதான். கெட்டுப்போகிற சாப்பாடு என்றாலே கறி, மீன், முட்டை என்று மனத்தில் பதிந்துவிட்டது. கோழிக் குழம்பு மிஞ்சினால் ஓடிப்போய் ஃபிரிட்ஜில் வைக்கிறோம். சாதமும் பச்சடியும் இரவு வரை மேசையில் கிடக்கின்றன. கிருமிக்குச் சைவம், அசைவம் தெரியாது. ஈரம் வேண்டும், கொஞ்சம் சத்து வேண்டும், கதகதப்பு வேண்டும், நேரம் வேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடுதான் அதற்குப் பிடித்த சூடு. நம் ஊரில் பகல், இரவு, வருடம் முழுவதும் சாப்பாட்டு மேசை அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. வசதியான சூழலில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும். ஆறரை மணி நேரத்தில் எத்தனை 20 நிமிடங்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சாதத்தையே எடுத்துக்கொள்வோம். பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா. மண்ணில் வாழ்வது, நெல்லோடு சேர்ந்து அரிசிக்கு வந்துவிடும். அதன் வித்துகள் உலை கொதிப்பதைத் தாங்கும். சோறு ஆற ஆற அவை முளைத்துப் பெருகி நச்சை விடும். வாந்தியைக் கொண்டுவரும் அந்த நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. "நல்லா சுட வைச்சுத்தான் போட்டேன் டாக்டர்" என்று சொல்பவர்களுக்கு இதை நான் வாராவாரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கிருமி செத்திருக்கலாம். அது விட்டுப்போன நச்சு அப்படியே இருக்கிறது.

கோசுமல்லிக்கும் பச்சடிக்கும் வேறொரு ஆபத்து. அவை அடுப்பையே பார்ப்பதில்லை. நம்மில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. விரலில் சின்ன வெட்டுக்காயம் இருந்தால் அங்கேயும் இருக்கும். கையால் பிசைந்து கலக்கும்போது அது சாப்பாட்டுக்கு வந்துவிடும். உடனே சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மேசையில் விட்டால் அதுவும் நச்சு செய்யும். அந்த நச்சும் சூட்டுக்கு அசையாது.

எலுமிச்சை பிழிந்தேனே என்பார்கள். ஒரு பாத்திரக் கோசுமல்லிக்கு நாம் பிழிவது ஒரு மூடி, மிஞ்சிப்போனால் இரண்டு. உப்புப் பட்டதும் வெள்ளரி தண்ணீர் விட்டுவிடும், அந்தப் புளிப்பும் நீர்த்துப்போகும். மோந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது என்பார்கள். நச்சுக்கு வாடையும் கிடையாது, ருசியும் கிடையாது. மூக்கை நம்பாதீர்கள், கடிகாரத்தை நம்புங்கள்.

அப்புறம் பாட்டி காலம். "அந்தக் காலத்தில் ஃபிரிட்ஜா இருந்தது?" இல்லை. அதனால்தான் அவர்கள் அத்தனை கவனமாக இருந்தார்கள். வேளைக்கு வேளை சமைத்தார்கள். கோசுமல்லியை இலை போடுகிற நேரத்தில் கலந்தார்கள். தேங்காய் போட்ட பண்டத்தை அடுத்த வேளைக்கு வைத்ததில்லை. பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போனது புளியோதரை: புளியும் எண்ணெயும் உப்பும் தூக்கலாக, தண்ணீரும் தேங்காயும் இல்லாமல். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிப் பழைய சோறாக்கினார்கள், அது புளித்து அமிலமாகிக் கெட்ட கிருமிகள் பெருகுவதைக் குறைக்கும். இதெல்லாம் கணக்குப் பார்த்துச் செய்த சமையல். நாம் அந்தக் கணக்கை மறந்துவிட்டு, பாட்டியின் பெயரை மட்டும் சொல்கிறோம்.

இது வயிற்று வலியோடு முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 2009 ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் விற்ற ரோஜாக் என்ற பண்டத்தைச் சாப்பிட்ட 150-க்கும் மேற்பட்டவர்கள் நோய்ப்பட்டார்கள், இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். பச்சைக் கடலுணவிலிருந்த கிருமி, சாப்பிடத் தயாராக இருந்த உணவுக்குத் தாவியதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அப்போது ஊரே பேசியது. இப்போது இளையவர்களிடம் கேட்டால் பலருக்குத் தெரியவில்லை. 2011-இல் ஜெர்மனியில் ஈகோலை கிருமியால் 50-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள். விசாரித்துக்கொண்டே போனபோது வந்து நின்ற இடம் முளைகட்டிய வெந்தயம். ஆமாம், நம் அஞ்சறைப் பெட்டி வெந்தயம். சத்துக்காக முளைகட்டிய பயறை சாலட்டில் பச்சையாகப் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விதை முளைக்கத் தேவையான ஈரமும் கதகதப்பும்தான் கிருமிக்கும் தேவை. நன்றாக வேகவைத்துவிட்டுப் போடுங்கள். கர்ப்பிணிகளும் முதியவர்களும் வீட்டில் இருந்தால் பச்சை முளை வேண்டவே வேண்டாம்.

சரி, என்ன செய்வது? கோயிலுக்குப் போகும் முன் காய்களை ஓடும் தண்ணீரில் கழுவி, நறுக்கி, மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெள்ளரியானாலும் முதலில் கழுவிவிட்டுத் தோல் சீவுங்கள், இல்லாவிட்டால் தோலில் உள்ளதைக் கத்தி உள்ளே இறக்கிவிடும். உப்பு மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தால் கிருமி போய்விடும் என்று நம்பாதீர்கள், ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவதுதான் முக்கியம். பாசிப்பருப்புக்கு அரை மணி ஊறல் போதும், இரவெல்லாம் ஊற வேண்டுமென்றால் ஃபிரிட்ஜில் ஊறட்டும். தேங்காய், உப்பு, எலுமிச்சை, தாளிப்பு எல்லாம் இலை போடும் நேரத்தில். கலக்குவதற்குக் கரண்டி. கையில் காயம் உள்ளவர், அது நீங்களோ வீட்டுப் பணிப்பெண்ணோ, அன்றைக்குச் சமையலைத் தொட வேண்டாம்.

சாதத்தை ரைஸ் குக்கரிலேயே சூடாக இருக்க விடுங்கள். மின்சாரம் மிச்சம் என்று அணைக்காதீர்கள். மிஞ்சியது இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான சின்னப் பெட்டிகளில் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். முழுக்க ஆறட்டும் என்று இரவு வரை காத்திருப்பது தவறு. விருந்தாளிகள் தொடர்ந்து வருகிற தீபாவளி நாளில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வையுங்கள். கோழி நறுக்கிய பலகையில் கீரையோ வெள்ளரியோ நறுக்கவே கூடாது. கோழியைக் குழாயடியில் அலசும்போது தெறிக்கிற தண்ணீர், பக்கத்தில் வடிய வைத்த லெட்டியூஸ் மேல்தான் விழுகிறது.

யாருக்காவது வாந்தி, பேதி வந்துவிட்டால், மருந்தகத்தில் கிடைக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் தூளை அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் கலந்து, வாய் வாயாகக் கொடுங்கள். மலத்தில் ரத்தம், அதிகக் காய்ச்சல், சிறுநீர் குறைவது, தலைசுற்றல், இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் வாருங்கள். ஆள் மயங்கினால் 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸை வரவழையுங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் காய்ச்சலோ ரத்தமோ இருக்கும்போது நீங்களாகவே போடாதீர்கள்.

இன்னும் ஒன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் வாந்தி எடுத்தால் அன்றே மருத்துவரைக் கேளுங்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது சில மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் சிறுநீரகம் அடிவாங்கும். அந்தப் பாட்டிக்கு அதுதான் நடந்தது. காலையிலிருந்து விரதம், தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை, அதன் மேல் வாந்தி, அதன் மேல் வழக்கமான மாத்திரைகள். அன்றிரவே மருத்துவமனைக்கு அனுப்பினேன். நான்கு நாள் இருந்தார்.

போன வாரம் மருமகளோடு கிளினிக்குக்கு வந்தார், தானே நடந்து. "இனிமே கோசுமல்லியே வேண்டாம்னு சொல்றா டாக்டர்" என்று மருமகளைக் கைகாட்டிப் புகார் சொன்னார். நான் மருமகள் பக்கம் பேசவில்லை. நார்ச்சத்து, நீர்ச்சத்து, சர்க்கரைக்காரர்களுக்கு ஏற்ற பண்டம், அதை ஏன் விட வேண்டும்? "செய்யுங்க பாட்டி. எல்லாரும் கை கழுவிட்டு உட்கார்ந்த பிறகு கலந்தா போதும்" என்றேன். மருமகள் கைபேசியை எடுத்துக் குறித்துக்கொண்டார்.