எத்தனால் கலக்காத பெட்ரோல்: பழைய வண்டிகளுக்கு எங்கே கிடைக்கும், எப்போது தேவைப்படும்?

கரும்பு, தானியம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் ஆல்கஹாலான எத்தனாலைப் பெட்ரோலில் கலக்கும் மத்திய அரசின் திட்டம் 2003இல் சில மாநிலங்களில் 5 விழுக்காட்டுக் கலப்போடு தொடங்கியது. 20 விழுக்காட்டை 2030க்குள் எட்ட வேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் உயிரி எரிபொருள் கொள்கை வைத்த இலக்கு, 2022இல் செய்த திருத்தத்தால் 2025–26க்கு முன்னே கொண்டுவரப்பட்டது. இப்போது பெட்ரோல் பங்கில் சாதாரண பெட்ரோல் என்று போடப்படுவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த இந்த இ20 பெட்ரோல்தான். அதைத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் பரவலாக வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில். அதற்கு முன் வாங்கிய வண்டிகளுக்கானது இந்த விளக்கம்.

ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10க்கு (10 விழுக்காடு எத்தனால் கலந்தது) ஏற்பச் சரிசெய்த கார்களில் இ20 போட்டால் எரிபொருள் திறன் 6 முதல் 7 விழுக்காடும், இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 விழுக்காடும் குறையக்கூடும் என மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டது. நெடுநாள் ஓடிய பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற நேரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமும் ஒப்புக்கொள்கிறது. அதற்கு அதிகச் செலவாகாது என்பது அதன் வாதம். காற்றையும் எரிபொருளையும் கலக்கும் பழைய வகைக் கருவியான கார்புரேட்டர் உள்ள வண்டிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காற்றுக்கும் எரிபொருளுக்கும் உள்ள விகிதத்தைத் தானே திருத்திக்கொள்ள வழியில்லாததால், கலவை மெலிந்து (தேவைக்கு மேல் காற்று சேர்ந்து) எஞ்சின் கூடுதலாகச் சூடேறலாம்.

எத்தனால் இல்லாத பெட்ரோலைக் கேட்டுப் பெறும் உரிமை இத்திட்டத்தில் இல்லை. அந்தத் தேர்வை வழங்கக் கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. பழைய வண்டிகளுக்காக இ10 தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று நிதி ஆயோக் அறிக்கையே பரிந்துரைத்திருந்தது. அதைக் கைவிட்டது, புதிய வண்டி வாங்க வசதியில்லாதவர்கள் மீது விழுந்த சுமை என்றே கருதுகிறேன்.

நடைமுறையில் இருக்கும் ஒரே வழி, எத்தனால் கலக்காத 100 ஆக்டேன் பெட்ரோல் (எஞ்சினுக்குள் எரிபொருள் முன்கூட்டியே தானே வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவே ஆக்டேன்). இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 டிசம்பரில் அறிமுகப்படுத்திய எக்ஸ்பி100 இந்த வகையைச் சேர்ந்தது. பெரிய நகரங்களில், அதுவும் சில பங்குகளில் மட்டுமே கிடைக்கும். விலையோ சாதாரண பெட்ரோலைப் போல ஒன்றரை மடங்கு. எக்ஸ்பி95 போன்ற மற்றப் பிரீமியம் வகைகளில் எத்தனால் உண்டு என்பதால், பெயரைப் பார்த்து ஏமாறாமல் பங்கிலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பழைய எஞ்சினுக்கு உயர் ஆக்டேனால் கூடுதல் வலு வராது; எத்தனால் இல்லை என்பது மட்டுமே பயன். ஆகவே தினமும் ஓடும் வண்டிக்கு அவ்வளவு விலை கொடுப்பது வீண். மாதக்கணக்கில் நிற்கும் பழைய புல்லட்டுக்கோ யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்குக்கோ அது பொருந்தும். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் நீரோடு பிரிந்து டேங்கின் அடியில் தங்கித் துருவை உண்டாக்கும். அத்தகைய வண்டியை நிறுத்துமுன் டேங்கிலுள்ள இ20ஐ வடித்துவிட்டு 100 ஆக்டேனை நிரப்பி, கார்புரேட்டரையும் காலி செய்துவிடுவது நல்லது.