சோறு வைத்தால் பூனை உங்களுடையது ஆகிவிடாது

சத்துவாச்சாரியில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா. வாடகை வீடு. மாடிப்படிக்குக் கீழே டிபன் பாக்ஸ் மூடியில் கருவாட்டுச் சோறு வைப்பார், நான்கு தெருப்பூனைகள் வந்து சாப்பிடும். போன கோடையில் ஐந்தாவதாக ஒரு பெர்சியன் வந்து உட்கார்ந்தது. வீட்டைக் காலி செய்த யாரோ விட்டுவிட்டுப் போனது. முடியெல்லாம் சடை, வேலூர் வெயிலில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். விட்டுப்போனவர் மேல் அல்ல, சோறு வைத்தவர் மேல்.

விசாரணைக்குப் போன இடத்தில் வெள்ளைத்தாளை நீட்டி, "என் பூனைகளால் இனிமே தொந்தரவு வராதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா" என்றார்கள். அக்காவும் எழுதிவிட்டார். அந்த 'என்' என்ற ஒரு சொல்லில்தான் காரியம் கெட்டது.

2023-இல் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, ஒரு பகுதியில் பிறந்து, யாரும் உரிமை கோராத விலங்குதான் சமுதாய விலங்கு. சோறு வைப்பதைப் பற்றிப் பேசும் 20-ஆம் விதி அதற்குத்தான். 'என் பூனை' என்று நீங்களே எழுதிக்கொடுத்தால் அது வளர்ப்புப் பிராணி, அது செய்வதெல்லாம் உங்கள் தலையில். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் "யாருக்கும் சொந்தமில்லாத தெருப்பூனைகளுக்கு உணவு வைக்கிறேன்" என்று எழுதுங்கள். ஜெராக்ஸ் இல்லாமல் இடத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

அதே விதிப்படி, இடமும் நேரமும் பேசி ஒதுக்கித் தருவது குடியிருப்போர் சங்கம் அல்லது உள்ளாட்சியின் பொறுப்பு. மாடிப்படி, வாசல், பிள்ளைகள் விளையாடும் இடம் கூடாது. (அக்காவின் மாடிப்படியும் தப்புதான், சொன்னேன்.) மிச்சத்தை அள்ளுவது நம் வேலை. ஒத்துவரவில்லை என்றால், தகராறைத் தீர்க்க விலங்கு நலக் குழு அமைக்கச் சொல்லி மனு போடலாம். "அப்படி ஒரு குழுவே இல்லையே" என்பார்கள். அமைப்பது அவர்கள் வேலை என்று மனுவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

"சுப்ரீம் கோர்ட்டே தடை போட்டாச்சு" என்று யாராவது சொன்னால் மலைத்து நிற்க வேண்டாம். 2025 ஆகஸ்ட் 22 உத்தரவு தெருநாய்களைப் பற்றியது. தெருவில் கண்ட இடத்தில் நாய்களுக்குச் சோறு வைக்கக் கூடாது என்றது, ஆனால் அதற்கென வார்டுவாரியாகத் தனி இடம் ஒதுக்கவும் சொன்னது.

சரி, விட்டுப்போனவரை என்ன செய்வது? பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவை அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஆமாம், ஐம்பதே ரூபாய். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் இதை விசாரிக்கவும் முடியாது. அப்படியிருந்தும் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சீட்டு) வாங்குங்கள். ஏனென்றால் குற்றம் நடந்து மூன்று மாதத்துக்குள் வழக்கு தொடுத்தாக வேண்டும் என்கிறது 36-ஆம் பிரிவு. "அடுத்த வாரம் வாங்க" என்பதைப் பதின்மூன்று தடவை கேட்டால் கெடு முடிந்தது. பூனை அந்த வீட்டில் இருந்தபோது எடுத்த போட்டோ, தடுப்பூசி அட்டை, வீட்டு உரிமையாளரின் ஒரு வாக்குமூலம் இதையெல்லாம் முதல் வாரமே சேர்த்துவையுங்கள்.

விஷம் வைத்தால் கதை வேறு. பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த சட்டம்) 325-ஆம் பிரிவு, ஐந்து ஆண்டு வரை சிறை. போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடலாம். மனசு கேட்காமல் உடனே புதைத்துவிடுகிறார்கள், அங்கேயே வழக்கும் புதைந்துவிடுகிறது. முதலில் ஸ்டேஷன். பிரேதப் பரிசோதனைக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனை. கடிதம் இல்லாமல் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

பழைய வட ஆற்காடு ஞாபகத்தில் எல்லாரும் வேலூர் கலெக்டர் ஆபீசுக்கே வருகிறார்கள். 2019-இல் மாவட்டம் மூன்றானது. ஆற்காடு, வாலாஜா என்றால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்றால் திருப்பத்தூர். திங்கட்கிழமை மனுவை அங்கே கொடுங்கள்.

கருத்தடைக்கு, பூனையைத் தூக்குவதற்கு முன் மருத்துவமனையில் நாளும் நேரமும் கேட்டுக்கொள்ளுங்கள். நாய்க்கு மட்டும்தான் என்று சொல்லும் இடங்களும் உண்டு. அக்கா இரண்டு பிளாஸ்டிக் பழக்கூடைகளைக் கவிழ்த்துச் சேர்த்துக் கயிறு கட்டி, ஆட்டோவில் மூன்று தடவை போய்வந்தார். மூன்றாவது தடவைதான் டாக்டர் இருந்தார்.