ராஜாவுக்கு மட்டும் பார்த்த ஜோசியம் நம்ம ஜாதகக் கட்டத்துக்குள்ள வந்த கதை

கொழந்தை பொறந்துச்சுன்னா ஆணா பொண்ணான்னு கேட்ட கையோட தாத்தா கேக்குற அடுத்த கேள்வி "டைம் கரெக்டா குறிச்சீங்களா?" தான். ஆனா இந்த நிமிஷக் கணக்கு ஜோசியத்துக்குள்ள வந்தது ரொம்ப லேட்டு. ஆரம்பத்துல உங்களுக்கும் எனக்கும் ஜோசியமே கிடையாது, ராஜாவுக்கும் நாட்டுக்கும் மட்டும்தான்.

இடம் மெசபடோமியா, அதாவது இன்னைக்கு ஈராக். அங்க சகுனம் பாக்குறது ஒரு பெரிய டிபார்ட்மென்ட் மாதிரி. ஆட்டை அறுத்து ஈரலைப் பாப்பாங்க, மனுஷன் மேல பல்லி விழுந்தா என்ன பலன்னு கூட களிமண் பலகையில எழுதி வெச்சிருக்காங்க (நம்ம பஞ்சாங்கத்தோட கடைசிப் பக்கம் ஞாபகம் வருதா). வானத்துக்குன்னு தனியா ஒரு தொகுப்பு, பேரு எனூமா அனு என்லில், சுமார் 70 பலகை. எல்லாமே ஒரே ஃபார்மேட்டு: வானத்துல இப்படி நடந்தா நாட்டுல அப்படி நடக்கும்.

சந்திர கிரகணத்தை எப்படிப் பாத்தாங்கன்னு பாருங்க. நிலாவை நாலு பங்காப் பிரிச்சு ஒவ்வொரு பங்கும் ஒரு நாட்டுக்குன்னு வெச்சுட்டாங்க, நிழல் எந்தப் பங்குல விழுதோ அந்த நாட்டு ராஜாவுக்கு ஆபத்து. அந்த நேரத்துல வியாழன் தெரிஞ்சா தப்பிச்சாச்சு. தெரியலன்னா பரிகாரம் இருக்கு, ஆனா அது கொஞ்சம் பயங்கரமான பரிகாரம். வேற ஒரு ஆளைப் புடிச்சு ராஜா டிரெஸ் போட்டு சிம்மாசனத்துல உக்கார வெப்பாங்க, 100 நாள் வரைக்கும் கூட அவன்தான் ராஜா, அப்புறம் அவனைக் கொன்னுட்டா கண்டம் கழிஞ்சுதுன்னு கணக்கு. கி.மு. 7ஆம் நூற்றாண்டுல அசிரியாவை ஆண்ட எசர்ஹாத்தோன் இதை பலதடவை பண்ணியிருக்கார், அந்த நாள்ல அவருக்கு வந்த லெட்டர்ல எல்லாம் "விவசாயி"ன்னுதான் கூப்பிட்டிருக்காங்க! இதவிட பழைய கதை ஒன்னு, ஈசின் நாட்டு ராஜா இப்படி ஒரு தோட்டக்காரனை உக்கார வெச்சுட்டு சூடா கஞ்சி குடிச்சு நிஜமாவே செத்துப்போயிட்டாராம், தோட்டக்காரன் எழுந்திரிக்க மாட்டேன்னுட்டு அவனே ராஜாவாயிட்டான்.

இப்படி உயிர் போற மேட்டர்ங்கறதால ராத்திரி ராத்திரி கண்ணு முழிச்சு வானத்தைப் பாத்து எழுத ஆரம்பிச்சாங்க. நமக்குக் கெடச்ச பாபிலோன் (மெசபடோமியாவோட பெரிய நகரம்) வான டைரிகள்ல பழசு கி.மு. 652, கடைசி கி.மு. 61, கிட்டத்தட்ட 600 வருஷம். நிலா எங்க, செவ்வாய் எங்க, அதோட பார்லி விலை, பேரீச்சம்பழ விலை, ஆத்துல தண்ணி எவ்ளோ, எல்லாம் அதுலயே இருக்கு. இப்படி எழுதி எழுதித்தான் 18 வருஷம் 11 நாளுக்கு ஒருதடவை கிரகணம் அதே மாதிரி திரும்ப வருதுங்கறது புடிபட்டுச்சு. என்னைக் கேட்டா சகுனத்தவிட இந்த டைரிதான் பெரிய விஷயம்.

சரி, டைரியில "நிலா தேளுக்குப் பக்கத்துல"ன்னு எழுதினா கணக்குப் போட முடியாது, நட்சத்திரக் கூட்டம் ஒன்னு பெருசு ஒன்னு சிறுசு. இன்னைக்கு வானவியல் போட்டிருக்குற எல்லைப்படி பாத்தா சூரியன் கன்னியில 45 நாள் மாதிரி இருக்கும், விருச்சிகத்துல ஒரு வாரம்தான். அதனால கி.மு. 5ஆம் நூற்றாண்டுல சூரியன் போற பாதையை 12 சம துண்டா, துண்டுக்கு 30 பாகையா வெட்டிட்டாங்க. அதுதான் ராசி. படம் இல்ல, ஸ்கேல். பேரு மட்டும் பழைய படத்தோடது, ரிஷபம் துலாம் விருச்சிகம் எல்லாம் அங்கயே இருந்துச்சு, மேஷம் மட்டும் அப்போ ஆடு இல்ல, ஒரு கூலியாள்.

ஸ்கேல் கையில வந்ததும் தனிமனுஷன் ஜாதகம் வந்துடுச்சு. கெடச்சதுலயே பழசு கி.மு. 410. சந்திரன் தேளோட முன்பக்க இடுக்கிக்குக் கீழ, வியாழன் மீனத்துல, வெள்ளி ரிஷபத்துல, சனி கடகத்துல, செவ்வாய் மிதுனத்துல, அப்புறம் எல்லாம் நல்லா இருக்கும்னு ஒரு வரி, அவ்ளோதான். லக்னம் இல்ல. அது பின்னாடி கிரேக்கர் ஆண்ட எகிப்துல சேர்ந்தது. எகிப்துக்காரங்க 36 நட்சத்திரக் கூட்டம் ஒன்னொன்னா எழும்புறத வெச்சு ராத்திரி மணி பாத்தவங்க, அந்தப் பழக்கம் பாபிலோன் ராசியோட கலந்ததுல, பொறந்த நேரத்துல கிழக்கே எந்த ராசி எழும்புதுங்கறது முக்கியமாச்சு, அதுதான் லக்னம். ஒரு ராசி எழும்ப சுமாரா 2 மணி நேரம், தாத்தா டைம் கேக்குறது இதுக்குத்தான்.

அங்கிருந்து இந்தியாவுக்கு வந்தப்ப, இங்க ஏற்கனவே இருந்த 27 நட்சத்திரத்தோட சேர்ந்துடுச்சு. வார்த்தையும் கூடவே வந்துடுச்சு, ஜோசியர் சொல்ற கேந்திரம் கிரேக்கத்துல கென்ட்ரான், ஓரை அங்க ஹோரா.

காலண்டர்ல ஓரை இருக்கும், அதாவது ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிரகம், எடுத்துப் பாருங்க. ஞாயித்துக்கிழமை விடியும்போது சூரியன், அப்புறம் சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய், திரும்ப சூரியன். சனியிலேர்ந்து படிச்சா மெதுவாப் போறதுலேர்ந்து வேகமாப் போறது வரைக்கும் அதே வரிசை. இப்படியே 24 மணி நேரம் எண்ணிட்டு 25ஆவது எதுன்னு பாத்தா சந்திரன், அதாவது திங்கக்கிழமை, அங்கிருந்து இன்னொரு 24 எண்ணினா செவ்வாய்.