பில்லோடு வராதீர்கள், சிட்டாவோடு வாருங்கள்

கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் இந்தக் கோடையிலும் அதேதான். தென்னந்தோப்பில் சொட்டுநீர்க் குழாயெல்லாம் பதித்து முடித்துவிட்டு, கடை பில்லை மடித்துக்கொண்டு வந்து "மானியம் போட்டுக் குடுங்க சார்" என்கிறார்கள். கிடைக்காது. யாரைப் பிடித்தாலும் கிடைக்காது.

செலவு செய்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளும் பணமல்ல மானியம். முதலில் பதிவு. பிறகு அலுவலர் தோட்டத்தைப் பார்ப்பார். அங்கீகாரம் பெற்றவற்றில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் நிறுவனம் நிலத்தை அளந்து வரைபடமும் மதிப்பீடும் தரும். பணி ஆணை வந்த பிறகுதான் குழாய் இறங்க வேண்டும். பதித்ததும் மறுபடி ஆய்வு, அதன்பின் மானியம் நிறுவனத்துக்குப் போகும். உங்கள் கைக்கு வராது. "இப்ப போட்டுக்கலாம், மானியத்தைப் பின்னாடி பாத்துக்கலாம்" என்று டீலர் சொன்னால், அவர் பார்ப்பது தன் விற்பனையை மட்டும்.

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75. அந்த நூறும் அரசு நிர்ணயித்த அலகுத் தொகைக்குத்தான். அதற்கு மேல் கேட்கும் குழாய்க்கு நீங்களே கொடுக்க வேண்டும். 5 ஏக்கர் வரை சிறு விவசாயி, 2.5 ஏக்கர் வரை குறு விவசாயி. இதற்குத் தாசில்தார் சான்று வேண்டும். கூடவே சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (பயிர்ப் பதிவு), நில வரைபடம், ஆதார், வங்கிப் புத்தகம். பட்டா இன்னும் காலமான அப்பா பெயரில் இருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் அதை மாற்றுங்கள். விண்ணப்பங்கள் படுத்துக்கிடப்பது பெரும்பாலும் அங்கேதான். தென்னைக்கு வேளாண் துறை, வாழைக்கும் தக்காளிக்கும் தோட்டக்கலைத் துறை. மாறிப் போய் நின்றால் ஒரு நாள் வீண்.

இனி எல்லைக் குழப்பம். வீடு பொள்ளாச்சிப் பக்கம், பூமி கேரளாவின் சித்தூர் தாலுகாவில் என்றால், பூமி இருக்கும் மாநிலம்தான் கணக்கு. ரேஷன் கார்டைக் காட்டிப் பயனில்லை. கொழிஞ்சாம்பாறையிலோ வடகரப்பதியிலோ நிலம் இருப்பவர்கள் அந்தப் பஞ்சாயத்துக் கிருஷி பவனுக்கு (கேரள வேளாண் அலுவலகம்), நடப்பு ஆண்டு நில வரி ரசீதோடு போங்கள். தமிழ்நாட்டின் 100 சதவீதத்தை அங்கே கேட்காதீர்கள். மத்தியத் திட்டத்தின் அடிப்படை சிறு, குறு விவசாயிக்கு 55, மற்றவர்களுக்கு 45 சதவீதம்தான். மீதி தமிழ்நாடு அரசு கூடுதலாகச் சேர்ப்பது.

கடன் விஷயம் சுருக்கம். கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் வரை பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டினால் 3 குறைந்து 4. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை ஈடு தேவையில்லை. பத்திரம் கேட்டால் கிளை மேலாளரிடம் இதைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் கெடுவுக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை. "எலக்சன் வருது, தள்ளுபடி ஆயிரும்" என்று காத்திருந்து அந்தச் சலுகையை இழந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. தயவுசெய்து அந்தப் பேச்சை நம்பாதீர்கள். கெடு தேதியைச் சங்கத்தில் கேட்டு, பாஸ்புக் அட்டையிலேயே எழுதி வையுங்கள்.