படி பெருத்துவிட்டால் ராகியை எப்படி அளப்பது?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் மகள் உளவியல் படிச்சு, புற்றுநோயாளிகளோட நலனைப் பத்தி ஆராய்ச்சி பண்ணணும்னு சொல்றா. ஆறுதல் சொல்றதுக்கு எதுக்கு ஆராய்ச்சி? அந்த வேலையில அப்படி என்னதான் செய்வாங்க?"

ஆறுதல் சொல்லும் பொறுப்பு மருத்துவ உளவியலாளர், கவுன்சிலர், செவிலியர் ஆகியோருடையது. நலவாழ்வு உளவியல் ஆராய்ச்சியாளரின் பெரும்பாலான நாட்கள் வேறொரு கேள்வியில் கழிகின்றன: இவர் எவ்வளவு நன்றாக இருக்கிறார் என்பதை எப்படி அளப்பது? கட்டியின் அளவை ஸ்கேன் மில்லிமீட்டரில் சொல்லிவிடும். வெள்ளையணுக்களை எந்திரம் எண்ணிவிடும். சோர்வையும் பயத்தையும், 'வீட்டுக்குப் பாரமாயிட்டேனே' என்ற எண்ணத்தையும் நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

அதற்காக உலகெங்கும் புழங்கும் கேள்வித்தாள்களில் ஒன்று க்யூஎல்க்யூ-சி30. ஐரோப்பியப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு உருவாக்கி 1993இல் வெளியிட்டது. மொத்தம் 30 கேள்விகள். பெரும்பாலானவை கடந்த ஒரு வாரத்தை மட்டும் கேட்கும். முதல் 28 கேள்விகளுக்கு 'இல்லவே இல்லை' என்றால் 1, 'மிகவும்' என்றால் 4. கடைசி இரண்டுக்கு மட்டும் 1 முதல் 7 வரை. மனநிலைக்கு நான்கு கேள்விகள்: பதற்றம், கவலை, எரிச்சல், மனச்சோர்வு. ஒருவர் 2, 3, 2, 3 என்று பதில் சொன்னால் சராசரி 2.5. அதில் 1 கழித்து 3ஆல் வகுத்தால் 0.5. அதை 1இலிருந்து கழித்து 100ஆல் பெருக்கினால் மதிப்பெண் 50. மதிப்பெண் கூடக் கூட மனநிலை நலம் என்று பொருள். பாதிக் கேள்விகளுக்காவது பதில் வந்திருந்தால் கணக்கிடலாம்; அதற்கும் குறைந்தால் அந்தப் பகுதியை வெறுமையாக விட்டுவிட வேண்டும். 5 முதல் 10 புள்ளி வரை சிறு மாற்றம், 20க்கு மேல் பெரிய மாற்றம் என்று 1998இல் டேவிட் ஒசோபாவின் குழு வரையறுத்தது.

கணக்கு எளிது. கேள்வியை நோயாளியிடம் சேர்ப்பதுதான் கடினம். ஆங்கில மூலத்தை இருவர் தனித்தனியாகத் தமிழாக்குவார்கள். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்கிய பின், மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அதை மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார்கள். எங்கே பொருள் பிசகியதோ அங்கே திருத்திவிட்டு, 10 முதல் 15 நோயாளிகளிடம் ஒவ்வொரு கேள்வியையும் படித்துக்காட்டி, "இதை உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்பார்கள். பிழைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வெளிப்படும்.

முதல் கேள்வியே கனமான கடைப்பை அல்லது சூட்கேஸ் தூக்குவதைப் பற்றியது. பென்னாகரம் பக்கத்து மூதாட்டிக்கு சூட்கேஸ் எதற்கு? 'தண்ணிக்குடம்' என்று மாற்றிவிடலாமே என்று தோன்றும். ஆனால் நிறைகுடம் பன்னிரண்டு, பதினைந்து கிலோ வரும். அதை இடுப்பில் வைத்து நடக்கவும் வேண்டும். கடைப்பை தூக்க முடிகிற பெண்ணுக்கும் குடம் தூக்க முடியாமல் போகலாம். அப்போது அவர் உடல்நிலை ஐரோப்பிய நோயாளியைவிட மோசம் என்று மதிப்பெண் பொய் சொல்லும்.

பதற்றத்தையும் மனச்சோர்வையும் அளக்க 1983இல் வந்த ஹெச்ஏடிஎஸ் என்ற 14 கேள்விக் கருவியில், வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறப்பதுபோன்ற பயம் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. நமக்கு 'வயித்துல புளியைக் கரைக்குது' கச்சிதமாகப் பொருந்தும். கீமோதெரபி எடுப்பவரிடம் மட்டும் எச்சரிக்கை தேவை: வயிற்று எரிச்சலைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து "ஆமா" என்றுவிடக்கூடும். பசி, தூக்கம், களைப்பு ஆகியவற்றை இந்தக் கருவி வேண்டுமென்றே கேட்பதில்லை. அவையெல்லாம் மருந்தாலும் கெடும், மனச்சோர்வாலும் கெடும். எதனால் என்று பிரிக்க முடியாது.

"தூக்கம் வரலியா?" என்ற கேள்விக்கு "ஆமா" என்றால் வந்ததா, வரவில்லையா? எதிர்மறைக் கேள்வியை முதலிலேயே நீக்கிவிட வேண்டும். "எப்படி இருக்கீங்க?" என்றால் "பரவால்ல" என்பார்கள். அது 'தேறிவிட்டேன்' என்றும் பொருள்படும், 'கிடக்கட்டும், என்னை விடுங்க' என்றும் பொருள்படும். பதில் அட்டையில் இந்தச் சொல்லே வரக்கூடாது. பக்கத்தில் மகன் நிற்கிறாரா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்; அவர் எதிரில் அம்மா கவலையைச் சொல்ல மாட்டார். நோயாளிக்கு 'கட்டி' என்று மட்டும் சொல்லிவைத்திருக்கும் வீடுகள் ஏராளம். தலைப்பில் 'புற்றுநோய்' என்று அச்சிட்ட தாளை நீட்டினால், மருத்துவர் நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டிய செய்தியை ஒரு காகிதம் சொல்லிவிடும்.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகுதான் இந்தத் துறையின் மிக அழகான சிக்கல் வருகிறது. கடத்தூர் விவசாயி ஒருவர் கதிர்வீச்சு சிகிச்சைக்கு முன் தன் சோர்வு பத்துக்கு 5 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வாரம் கழித்தும் 5 என்கிறார். மாற்றமே இல்லை என்று எழுதிவிடலாமா? அப்போதே இன்னொரு கேள்வி கேட்கிறோம்: "இப்ப நினைச்சுப் பார்த்தா, அன்னைக்கு எவ்வளவு சோர்வா இருந்தீங்க?" அவர் "ரெண்டுதான் இருக்கும்" என்கிறார்.

நடந்தது இதுதான். சிகிச்சைக்கு முன் அவர் அறிந்த உச்சச் சோர்வு, மாங்காய் அறுவடையில் நாள் முழுக்கக் கூடை சுமந்த களைப்பு. அதுதான் அவருடைய பத்து. இப்போது தம்ளரைத் தூக்கக் கை எழாத நாட்களைப் பார்த்துவிட்டார். பத்து அங்கே போய்விட்டது. படி பெருத்துவிட்டது. அன்றும் ஐந்து படி, இன்றும் ஐந்து படி என்றாலும் உள்ளே இருக்கும் ராகி ஒன்றல்ல. இன்றைய படியால் அளந்தால் 2லிருந்து 5க்கு, அதாவது 3 புள்ளி ஏறியிருக்கிறது.

மிர்யம் ஸ்ப்ராங்கர்ஸ், கரோலின் ஷ்வார்ட்ஸ் இருவரும் 1999இல் இதற்கு முறையான கோட்பாடு வகுத்தார்கள். ஆங்கிலத்தில் ரெஸ்பான்ஸ் ஷிஃப்ட். நாம் அளவுகோல் நகர்வு எனலாம். அது மூன்று வழிகளில் நகரும். படி பெருப்பது ஒன்று. முன்பு வருமானம் பெரிதாக இருந்து, இப்போது பேத்தியோடு பேசுவது பெரிதாவது இரண்டாவது. 'நல்லா இருக்கிறது' என்ற சொல்லின் பொருளே மாறிப்போவது மூன்றாவது.

பின்னோக்கிக் கேட்கும் கேள்வி முழுத் தீர்வாகாது. நினைவு ஏமாற்றும், பட்ட பாட்டுக்குப் பலன் உண்டு என்று நம்ப விரும்புகிற மனம் பழைய நிலையை உள்ளதைவிட மோசமாகவும் காட்டும். ஆகவே "மொட்டை மாடிக்கு நிக்காம ஏற முடியுதா?" என்பதுபோல், எளிதில் நகராத செயல்களையும் சேர்த்துக் கேட்பார்கள். ஆனால் இந்த நகர்வு வெறும் அளவைப் பிழை இல்லை. துன்பத்துக்கு ஏற்ப மனம் தன்னை மாற்றிக்கொள்ளும் வேலையே அங்கே எண்ணாகத் தெரிகிறது. அதைத் திருத்திக் கழித்தால் மனதின் உழைப்பு மறைந்துவிடும். அப்படியே விட்டால் சிகிச்சையின் பக்கவிளைவு மறைந்துவிடும். இரண்டு எண்களையும் அறிக்கையில் தருவதுதான் நேர்மை.

இந்த அளவைகள் ஒரு மூடநம்பிக்கையையும் சோதித்திருக்கின்றன. 'தைரியமா இருந்தா நோய் ஓடிடும்' என்கிறார்கள். 2007இல் ஜேம்ஸ் காய்ன் குழு தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 1,093 பேரை ஆராய்ந்தது. மனநலன் ஆயுளை முன்னறிவிக்கவில்லை. நோய் முற்றியவரிடம் "நீங்க மனசு விட்டுட்டீங்க" என்று சொல்வது, முன்வினைப் பாவம் என்று சொல்வதைப் போலவே கொடுமை.

கேட்பதற்குப் பலன் உண்டு. 2017இல் வெளியான ஈதன் பாஷ் குழுவின் ஆய்வில், பரவிய புற்றுநோய் உள்ள 766 பேரில் ஒரு பகுதியினர் 12 அறிகுறிகளைக் கணினியில் பதிந்துவந்தார்கள். மோசமானால் செவிலியருக்குத் தகவல் போகும். அவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்ட நோயாளிகள் சேலம், வேலூர், அடையாறு, பெங்களூரு என்று அலைகிறார்கள். முடியாதவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் அளந்தால் சராசரி தானாக உயரும். அஞ்செட்டி வரை போய்வர ஒரு களப்பணியாளருக்குப் பேருந்துச் செலவு கொடுப்பதுதான் ஆராய்ச்சி நிதியில் முதல் செலவாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு தேடி ரத்த அழுத்தக் கருவி போகிறது. ஐந்து கேள்விகளும் கூடப் போகலாம்.

இனி படிப்பு. இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டம் என்று பிளஸ் டூவுக்குப் பிறகு ஒன்பது, பத்து ஆண்டுகள் ஆகும். மருத்துவ உளவியலாளராகச் சிகிச்சையும் தர வேண்டுமென்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு தேவை. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இதற்கெனத் தனித் துறை இருக்கிறது. புள்ளியியலைக் கண்டு ஒதுங்கக்கூடாது. ஓசூர்ப் பக்கம் வேலை செய்யத் தெலுங்கும் கன்னடமும் பெரிய மூலதனம். தற்கொலை எண்ணம் உண்டு என்று ஒருவர் பதில் சொன்னால், அன்றைக்கே யாரிடம் ஒப்படைப்பது என்பதை முதல் பேட்டிக்கு முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும்.

மகள் இப்போதே ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். 'மன அழுத்தம்' என்றால் என்ன என்று வீட்டில் மூன்று பேரிடம், ஒருவர் பதில் மற்றவர் காதில் விழாமல், கேட்கட்டும். ஒருவர் கவலை என்பார், ஒருவர் வேலைச்சுமை என்பார், தாத்தா "பிரஷர் மாத்திரை போடுறேனே, அதுவா?" என்பார். மூன்றையும் அவரவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளட்டும்.