பரவலா, நிலவுகையா?

போன மாதம் தங்கச்சிமடத்தில் ஒரு மருத்துவ முகாம். பந்தலில் ‘பதற்றக் கோளாறின் பரவல்: 30 கோடிப் பேர்’ என்று கொட்டை எழுத்தில் பதாகை. எனக்கு முன்னால் நின்ற ஆத்தா அதைப் பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஏன் தம்பி, இது தொத்துமா? மகளுக்கு இருக்குன்னு மாத்திரை குடுத்திருக்காக. இவள அவ கூடத்தான் ஒரே பாயில படுக்க வைக்கிறேன்.”

“தொத்தாது ஆத்தா. ஓயாத பயமும் கவலையுமா வாட்டுற மனசு நோய்தான்.”

“பெறகு ஏன் பரவுதுன்னு எழுதியிருக்காக?”

பதாகையில் ‘பரவல்’ என்று பெயர்த்திருந்த சொல் ஆங்கிலத்தில் பிரிவலன்ஸ் (prevalence). மேலோங்குதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. மருத்துவத்தில், ஒரு மக்கள் கூட்டத்தில் எத்தனை பங்குப் பேர் நோயோடு இருக்கிறார்கள் என்ற கணக்கு. புதிதாக நோய்ப்படுவோர் கணக்கு இன்சிடன்ஸ் (incidence), அது வேறு. பாம்பன் கரையில் இப்போது எத்தனை படகு நிற்கிறது என்பது முதலாவது, இன்றைக்கு எத்தனை வந்தது என்பது இரண்டாவது. பதற்றக் கோளாறு பலருக்கு ஆண்டுக்கணக்கில் நீளும்; வரத்து குறைவானாலும் நிற்பது நிறைய. ‘பரவல்’ இந்த இரண்டில் எதையும் சொல்வதில்லை.

‘பரவலாக மழை’ என்கிறோமே, அது தொற்றா என்று மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் நண்பர் மல்லுக்கு நிற்பார். சரிதான், ‘பரவலாக’ என்றால் அங்கங்கே, எங்கும். ஆனால் நோய்க்குப் பக்கத்தில் ‘பரவல்’ வந்து உட்கார்ந்தால் காது வேறு மாதிரிக் கேட்கும். 2020இல் ‘சமூகப் பரவல்’ என்று நாள் தவறாமல் கேட்டவர்கள் நாம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வந்த ஒரு கட்டுரை, பதற்றக் கோளாறு ஆப்பிரிக்கப் பண்பாடுகளில் 5.3 விழுக்காடு, ஐரோப்பிய, ஆங்கிலப் பண்பாடுகளில் 10.4 விழுக்காடு என மதிப்பிட்டது. இதைப் ‘பரவல்’ போட்டுப் பெயர்த்தால் நோய் ஐரோப்பாவில் ஓட, ஆப்பிரிக்காவில் நடக்கிறது என்றாகிவிடும். ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதல் என்பதோ, அவர்கள் கூடி உட்கார்ந்து ஒட்டிக்கொண்டது போல! ‘பாதிப்பு விகிதம்’ இவ்வளவு மோசமில்லை, ஆனால் பயிர்ச் சேதத்துக்கும் அதே சொல்தான்.

பிரிவலன்ஸுக்கு நான் வைப்பது நிலவுகை. ‘நில்’லோடு உறவுள்ள வினை. (வானத்து நிலவு வேறு.) ‘வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை நிலவுகிறது’ என்று வானொலி சொன்னால் நாட்டுப்படகுக்காரர் எவரும் அகராதி தேடுவதில்லை. பாம்பனில் கூண்டு ஏற்றியாச்சா என்பதுதான் அடுத்த கேள்வி.

‘பரவல்’ என்று பெயர்ப்பவர்கள்தான் ‘வெவ்வேறு மக்கள்தொகைகளில்’ நோய் இருப்பதாகவும் எழுதுகிறார்கள். தொகை என்பது எண்ணிக்கை. எண்ணிக்கைக்கா நோய் வரும்? அப்புறம், பதற்றத்துக்கு அவர்கள் எழுதும் அந்தப் ‘பதட்டம்’. பதறு, பதற்றம். தடுமாறு என்பதற்குத் ‘தடுமாட்டம்’ என்று யாராவது எழுதுகிறார்களா?

நிலவுகை பதாகைக்கு ஆகுமா என்று நண்பர் மடக்கினார். ஆகாதுதான், கட்டுரைக்கும் அறிக்கைக்கும் வைத்துக்கொள்ளட்டும். பதாகைக்குப் பெயர்ச்சொல்லே வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் 2019இல் 30.1 கோடிப் பேர், ஏறத்தாழ 4 விழுக்காடு. ‘உலகில் 25 பேரில் ஒருவருக்குப் பதற்றக் கோளாறு இருக்கிறது’ என்று எழுதியிருக்கலாம். அந்த ஆத்தாவும் அப்படித்தானே சொன்னார், மகளுக்கு இருக்குன்னு.